மூன்று கோடு போட்ட பாட்டில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள் என்று புருஷன் சொல்வார். அதுவும் சந்தேகம்தான் என்று நாத்தனார் சொல்வாள். அளக்காமல் டேப் அக்கா எதையும் நம்ப மாட்டாள். புது ஸ்டூல் வாங்கினால்கூட நாலு காலையும் அளந்துவிட்டுத்தான் உட்காருவாள். பத்தொன்பது வருஷமாகக் கூட வாழ்கிற மனுஷனை மட்டும் அளக்காமல் நம்பினாள். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

புருஷன் டவுன் பஸ் டிரைவர். அதிர்ந்து பேசாதவர். ஹாரன்கூட அவர் அடித்தால் மன்னிப்புக் கேட்பது மாதிரிதான் இருக்கும். காலையில் டெப்போவிலிருந்து வண்டியை எடுத்தால், நகரத்தின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் மூன்று நடை போய்வந்து, சாயங்காலம் மறுபடி டெப்போவில் விடுவார். ஒரு நடை போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் டெப்போ வாசலிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல். ஒரு கல் உயிரை எடுத்துவிட்டுத் தானாக வெளியே வந்தது. அதோடு விட்டதா என்றால் இல்லை.

"இடது பக்கம் இன்னொண்ணு உட்கார்ந்திருக்கு. ஆறு மில்லிமீட்டர்" என்றார் டாக்டர். "ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி உள்ள போகணும். மூணு மாசம் கழிச்சு ஸ்கேன் எடுப்போம். வளர்ந்திருந்தா ஆபரேஷன்தான்."

டேப் அக்கா டாக்டர் அறையிலேயே நாடாவை எடுத்து ஆறு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தாள். சட்டைப் பொத்தானில் பாதி. இதற்கா இந்த மனுஷன் அப்படித் துடித்தார் என்று இன்னொரு தடவை அளந்தாள். அன்றைக்கு வலி வந்தது வண்டியை விட்டு இறங்கிய பிறகு. ஓடுகிற வண்டியில், பாலத்து மேலே, பின்னால் ஐம்பது பேர் இருக்கும்போது வந்திருந்தால்? அந்த நினைப்பு அன்றிலிருந்து அவளை விடவில்லை. மிஷினில் உட்கார்ந்தாலும் வரும், காய் நறுக்கினாலும் வரும்.

ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினாள். மீதி ஒன்றரையை வீட்டில் குடிக்க வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. வீட்டில் சமர்த்தாகக் குடித்தார். பாட்டில் மட்டும் போன மாதிரியே திரும்பி வந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இதைக் குடிக்கத்தானே குடுத்தனுப்பறேன்? ஊர் சுத்திக் காட்டவா?"

"வெறும் தண்ணி இறங்க மாட்டேங்குதும்மா. உப்புச் சப்பு இல்லாம… ஒரு மாதிரி குமட்டுது."

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். வீட்டில் இறங்குகிற தண்ணீர் பஸ்ஸில் மட்டும் ஏன் இறங்காது? டேப் அக்காவுக்கு அது தோன்றவில்லை. ருசி இல்லை என்கிறாரா, ருசி வரவைத்தால் போயிற்று என்று மறுநாளே சந்தைக்குப் போய்ப் பை நிறையப் பழத்தோடு வந்தாள்.

முதல் நாள் ஆசை மிகுதியில் கையில் கிடைத்ததையெல்லாம் ஜாடியில் போட்டாள். ஆப்பிள், திராட்சை, அன்னாசி, இஞ்சி, புதினா, வாழைப்பழம். வாழைப்பழம் எவ்வளவு பெரிய தப்பு என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தண்ணீர் கலங்கி, ஓரத்தில் நூல் நூலாக மிதந்தது. பாத்திரம் கழுவின தண்ணீரை யாராவது விருந்தாளிக்குக் கொடுப்பார்களா? கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. தண்ணீரைக் காய்ச்சி நன்றாக ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பழத்தைப் போட்டால் பழம் வெந்து வாசனையே மாறிவிடும். எலுமிச்சையை நாடா கனத்துக்கு வட்டமாக நறுக்கி, விதையை ஒவ்வொன்றாகக் கத்தி முனையால் எடுத்துவிட வேண்டும். தோலோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறக் கூடாது, கசந்துவிடும். வெள்ளரிக்காய் சாதுவான பிள்ளை. எவ்வளவு நேரம் கிடந்தாலும் கெடுதல் செய்யாது. ஆப்பிளோடு ஒரு துண்டு பட்டை. ஆரஞ்சோடு எலுமிச்சைப் புல், அதையும் கத்திப் பிடியால் ஒரு தட்டுத் தட்டி. புதினாவைக் கசக்கினால் தண்ணீர் பச்சையாகிக் காறும். உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து நறுக்கி ஜாடியில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அவர் கிளம்புகிற நேரத்துக்கு வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றி, அழகுக்காகப் புதுசாக இரண்டு பழ வட்டமும் காம்போடு ஒரு கொத்துப் புதினாவும் போட்டு மூடுவாள்.

அப்படியும் பாட்டில் முக்கால்வாசி திரும்பி வந்தது. அதோடு நிறுத்தினால் அவள் டேப் அக்கா இல்லையே. மிச்சத் திரைத் துணியில் பாட்டிலுக்கு ஒரு சட்டை தைத்தாள். வெயில் படாமல் இருக்க உள்ளே இரட்டைத் துணி. தண்ணீர் மட்டம் தெரிய மேலிருந்து கீழாக ஒரு பிளவு. பிளவின் ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு நூலில் மூன்று கோடு.

"முதல் நடை முடியறப்ப பச்சைக் கோடு வரைக்கும் குடிச்சிருக்கணும். ரெண்டாவதுக்கு மஞ்சள். மூணாவதுக்கு சிவப்பு. டெப்போவுக்குள்ள வண்டி நுழையறப்ப பாட்டில் காலி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார் டிரைவர். சிக்னலைப் பார்க்கிற முகத்தோடு அந்தக் கோடுகளைப் பார்த்தார்.

அன்றைக்கு சாயங்காலம் பாட்டில் காலியாக வந்தது. மறுநாளும். அதற்கு அடுத்த நாளும்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சு."

தினம் இதே கேள்வி, தினம் இதே பதில். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். புருஷன் வயிற்றில் இருக்கிற கல்லும் சொட்டுச் சொட்டாகத் தேய்வதாக அவள் நினைத்துக்கொண்டாள். அரைப் பொத்தான் கால் பொத்தான் ஆகியிருக்குமா என்று மிஷினை மிதித்தபடியே மனசுக்குள் அளந்து பார்ப்பாள்.

நடுவில் ஒரு நாள் அவளுக்கே அடி சறுக்கியது. முந்தின சாயங்காலம் தான் குடிக்க ஜாடியில் எலுமிச்சையை நறுக்கிப் போட்டவள் எடுக்க மறந்துபோய்ப் படுத்துவிட்டாள். காலையில் எழுந்திருக்கவும் நேரமாகிவிட்டது. அதையே அவசரமாக வடிகட்டிக் கொடுத்தனுப்பினாள். அவர் போன பிறகு ஜாடியில் மிச்சம் இருந்ததை வாயில் வைத்தால், நாக்கு சுருண்டுகொண்டது. அப்படி ஒரு கசப்பு. நாள் முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பாட்டில் காலி.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சு."

டேப் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் மனசு நோகக் கூடாது என்று அவ்வளவு கசப்பையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வந்திருக்கிறாரே! நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"எங்க அண்ணனா? மாத்திரை கசக்குதுன்னு வாழைப்பழத்துக்குள்ள வச்சு முழுங்கறவராச்சே, அண்ணி?"

"மாறிட்டாரு."

"மனுஷன் அவ்வளவு சீக்கிரம் மாறுவானா?"

"நான் மாத்தியிருக்கேன்" என்றாள் டேப் அக்கா. அந்தச் சமயம் அவள் குரலில் இருந்த பெருமையை அளக்க எந்த நாடாவும் பத்தாது.

ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நூலகத்திலிருந்து வேலை வந்தது. மேற்குப் பக்க வெயில் விழுந்து அலமாரிப் புத்தகங்களின் முதுகெல்லாம் வெளுக்கிறது, ஆறு ஜன்னலுக்குத் திரை வேண்டும், அளவெடுக்க வாருங்கள் என்றார்கள். நூலகம் இருந்தது டிரைவர் வண்டி போகிற தடத்தின் கடைசி நிறுத்தத்தில். அந்தப் பக்கம் அவள் அதுவரை போனதே இல்லை. பகல் பதினோரு மணிக்கு வேறு ஒரு வண்டியில் போய் இறங்கினாள்.

கடைசி நிறுத்தம் என்று பெயர்தானே தவிர, அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டி திரும்ப ஒரு வெற்றிடம். டைம்கீப்பருக்கு ஒரு தகரக் கூண்டு. கூண்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்று மாடிப் பள்ளிக்கூடம், ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். நூலகம் எந்தப் பக்கம் என்று விசாரிக்கக் கூண்டை நெருங்கியவளுக்குக் குப்பென்று ஒரு வாசனை அடித்தது. அவள் தினமும் காலையில் உள்ளங்கையில் முகர்கிற வாசனை.

கூண்டுக்குப் பின்னால் மதிலோரமாகப் புதினா அடர்ந்து கிடந்தது. கால் வைக்க இடமில்லாமல் தளதளவென்று ஒரு பாத்தி. நடுநடுவே காய்ந்து சுருண்ட ஆரஞ்சு வட்டங்கள். வதங்கிய ஓர் ஆப்பிள் வட்டம். எறும்பு மொய்க்கிற அன்னாசி.

அவள் கை தானாக நாடாவை எடுத்தது. குனிந்து அளந்தாள். நீளம் நாலே முக்கால் அடி. அகலம் இரண்டரை.

"என்னக்கா, அளவெல்லாம் எடுக்கறீங்க? கார்ப்பரேஷனா?" டைம்கீப்பர் எட்டிப் பார்த்தான். முப்பது வயசு இருக்கும், சிரித்த முகம்.

"இல்ல தம்பி. இந்தப் புதினா யாரு வச்சது?"

"யாரும் வைக்கலக்கா. நம்ம டிரைவர் அண்ணன் ஒருத்தரு வருவாரு. பாட்டிலுக்குச் சட்டை போட்டு எடுத்துட்டு வருவாரு பாருங்க, அப்படி ஒரு ரசனை. வர்ற ஒவ்வொரு தடவையும் செடிக்குத் தண்ணி ஊத்துவாரு. அதுவும் கோடு பார்த்து ஊத்துவாரு. ஒரு சொட்டு கூடாது, குறையாது. மனுஷன் பயிர் மேல பாசம் வைக்கறதை நான் அவருகிட்டதான் பார்த்தேன். நாங்கல்லாம் இதைப் பறிச்சுத்தான் டீயில போட்டுக்கறோம். உங்களுக்கும் கொஞ்சம் பறிச்சுத் தரட்டுமா?"

இரண்டு மாதக் காலை ஐந்து மணி அத்தனையும் அந்த மதிலோரம் பச்சைப் பசேலென்று நின்றது. எலுமிச்சையில் விதை எடுத்த கை. ஆறு மில்லிமீட்டர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனுஷன் ஒரு தோட்டத்தையே மறைத்திருக்கிறார். கோபத்தில் காது மடல் சுட்டது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கூண்டின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள்.

பதினொன்று இருபதுக்கு அவர் வண்டி வந்து திரும்பியது. டிரைவர் இறங்கினார். இடுப்பில் கை வைத்து ஒரு தடவை நிமிர்ந்தார். பாட்டிலை எடுத்துக்கொண்டு மதிலோரம் வந்தார். மூடியைத் திறந்து, சாய்த்து, நிறுத்தி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒரு விரற்கடை ஊற்றினார். மஞ்சள் கோடு. இவ்வளவு ஒழுங்காக இந்த மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் தன் பேச்சைக் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டில் காலியாக வந்த அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்!

ஏங்க என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் டிரைவர் மூடியைப் போடப் போனவர், போடாமல் பாட்டிலுக்குள் பார்த்தார். மிதக்கிற வெள்ளரி வட்டத்தைப் பார்த்தார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. கையிலே அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிவிட்டு மூடியைத் திருகினார்.

அவளுடைய கோபம் அப்படியே வடிந்துவிட்டது. இவருக்குத் தாகம் இருக்கிறது. ருசி இல்லாததால் குடிக்காமல் இருக்கிற ஆள் இல்லை இவர்.

"ஏங்க."

டிரைவர் திரும்பினார். பாட்டிலைப் பின்னால் ஒளிக்கப் பார்த்து, ஒளித்து என்ன பிரயோஜனம் என்று முன்னாலேயே வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"முதல் நாள்?"

"முதல் நாள் குடிச்சேம்மா. நீ சொன்ன மாதிரியே, பச்சைக் கோடு, மஞ்சள் கோடு." அவர் குரல் இறங்கியது. "ரெண்டாவது நடை திரும்பறப்ப முட்டிக்கிட்டு வந்துடுச்சு. டெப்போவை விட்டா வழியில எங்கயும் இடம் கிடையாது. இந்தக் கோடியிலயும் இல்ல, அந்தக் கோடியிலயும் இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னு கையை நீட்டுது. நிறுத்தி எடுத்தா ரெண்டு நிமிஷம் ஆகும். நான்… நிறுத்தலம்மா. பத்தொன்பது வருஷத்துல நான் நிறுத்தாம போன ஸ்டாப் அது ஒண்ணுதான். கண்ணாடியில பார்க்கறேன், அந்தப் பொண்ணு நீட்டின கையை இன்னும் இறக்கல."

டேப் அக்கா மதிலைப் பார்த்தாள். ஊரில் பாதி ஆண்களுக்கு மதில் ஒன்று இருந்தால் போதும்.

அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "மேல பாரு. அத்தனையும் என் வண்டியில வர்ற பிள்ளைங்க. காலையில ஏறினா, மாமா வணக்கம்னு சொல்லும்."

"இதை என்கிட்ட வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ டெப்போவுக்கு வந்து மேனேஜர் சட்டையைப் பிடிப்ப."

"பிடிப்பேன்தான்!"

"அதுவும் இல்லாம… நீ இருட்டோட எழுந்து ஒவ்வொரு விதையா எடுக்கற. அதைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது?"

டைம்கீப்பர் விசில் அடித்தான். அவர் போய்த்தான் ஆக வேண்டும். போகும்போது திரும்பிப் பார்த்தார். திட்டு வாங்காமல் போகிறோமே என்கிற பயம் அவர் முகத்தில் இருந்தது.

நூலகத்தில் முதல் ஜன்னலை அளந்து எழுதினாள். இரண்டாவதை அளந்தவள் மறுபடி முதலாவதைப் பார்த்தால், உயரத்தை அகலத்துக்கும் அகலத்தை உயரத்துக்கும் எழுதியிருந்தாள். தொழிலுக்கு வந்து இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. நாடாவைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நூலகர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அருகே வந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? முகம் கழுவிட்டு வாங்க. அதோ, பின்பக்கம் பாத்ரூம் இருக்கு."

டேப் அக்கா பின்பக்கம் போனாள். வெள்ளை ஓடு பதித்த சுத்தமான அறை. தாழ்ப்பாள் விழுகிறது. குழாயில் தண்ணீர் வருகிறது. அங்கிருந்து வண்டி நிற்கிற இடம் எத்தனை அடி இருக்கும் என்று கண்ணாலேயே அளந்தாள். முந்நூறு, மிஞ்சினால் முந்நூற்று இருபது. நடந்து போய் வர நாலு நிமிஷம். வண்டி அங்கே நிற்பது எட்டு நிமிஷம்.

வெளியே வந்தவள் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டாள். "அம்மா, எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு மூணு தடவை இங்க வருவாரு. ஒதுங்க இடமில்லாததால தண்ணியே குடிக்காம இருக்காரு, வயித்துல கல்லு. இந்தப் பாத்ரூமை அவரு…"

"இதுக்கா இவ்வளவு தயக்கம்? பொது நூலகம்மா இது, யாரும் வரலாம்." நூலகர் அம்மாள் மேஜை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "ஆனா ஒண்ணு. தினம் மூணு தடவை வர்றவரு உறுப்பினர் இல்லைன்னா எனக்கு மரியாதை இல்ல. இதை நிரப்பிக் கொண்டு வரச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் டிரைவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து குடிக்கிறேன் என்றார். சத்தியம் பண்ணட்டுமா என்றார். வேண்டாம் என்றாள் டேப் அக்கா. அவளுக்கு அவர் மேல் இரக்கம்தான் இருந்தது. ஆனால் இரக்கம் வேறு, அளவு வேறு. பாட்டில் காலியாக வந்தால் குடித்ததாக அர்த்தம் இல்லை என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்த பாடம். அந்தக் கோடிக்குப் போய் நின்று தினமும் எட்டிப் பார்க்கவா முடியும்?

அவர் படுக்கப் போன பிறகு ஜாடியை எடுத்தாள். இரண்டு எலுமிச்சையை நறுக்கினாள். தோலை எடுக்கவில்லை, விதையை எடுக்கவில்லை. தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டு, பாவி மனுஷா, என்னை மன்னிச்சிடு என்று சொல்லிக்கொண்டே போய்ப் படுத்தாள். காலையில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உடம்பு சிலிர்த்தது. அதைத்தான் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள்.

அன்றைக்கு முழுக்க ஒரு திரை முடியவில்லை. பாதி தைத்ததைப் பிரித்தாள். மறுபடியும் நல்லாயிருந்துச்சு என்று சொல்லிவிட்டால்? குடித்துவிட்டுத் தன் மனசு நோகாமல் இருக்கச் சொன்னாலும் அதேதான், குடிக்காமல் சொன்னாலும் அதேதான். அப்புறம் எதை வைத்து அவரை நம்புவது? நம்பாமல் எப்படி ஒவ்வொரு நாளும் அந்த ஸ்டியரிங்குக்கு அனுப்புவது?

சாயங்காலம் டிரைவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கக்கத்தில் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. பாட்டிலை மேஜை மேல் வைத்தார். காலி.

"எப்படி இருந்துச்சு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

டிரைவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நல்லா…" என்று ஆரம்பித்துத் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"சகிக்கலம்மா. வேப்பங்கொட்டையை அரைச்சுக் கலக்கின மாதிரி அப்படி ஒரு கசப்பு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சிவப்புக் கோட்டைத் தாண்டினேன். நூலகத்தம்மாவே, ஏன் சார் முகம் இப்படி இருக்குன்னு கேட்டாங்க. முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் இத்தனை நாளும் இதையா போட்டுக் குடுத்தனுப்பின? அந்தப் புதினாச் செடி எப்படி உயிரோட இருக்குன்னே தெரியல."

டேப் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து அழுதாள். குடித்திருக்கிறார். ஒன்றரை லிட்டரும் குடித்திருக்கிறார்.

"அட, கசப்புன்னு சொன்னதுக்கா? பரவாயில்லம்மா, பழகிக்கறேன்" என்று டிரைவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். வந்தவர், "இரு, இதோ வந்துடறேன்" என்று கொல்லைப்பக்கம் ஓடினார். வண்டியை விட்டு இறங்கி அரை மணியில் அது அவருக்கு இரண்டாவது ஓட்டம்.

ஸ்கேனுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கல் என்ன சொல்லும் என்று அப்போதுதான் தெரியும். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு நறுக்க வேண்டிய பழக்கூடையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"நாளைக்கு என்ன போடட்டும்?" இரண்டு மாதத்தில் அவள் அவரை இதைக் கேட்டதே இல்லை.

டிரைவர் கையைத் துடைத்தபடி வந்து கூடைக்குள் பார்த்தார்.

"வெள்ளரிக்காய்" என்றார். "தோலைச் சீவிடு."